கறிக்கடைக்காரரையே ஏமாற்றிய கறி

அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் கறிக்கடை அக்காவின் வீட்டைக் கை நீட்டிக் காட்டுவார்கள். புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று தயங்குவார்கள். கறி வாடையே இருக்காது. ஊறிய பட்டாணியும், வேகிற சோயாவும், நறுக்கிய காளானும் கலந்த ஈர மணம்தான் இருக்கும்.

அக்கா செய்வது கறிதான். ஆனால் அதற்காக எந்த உயிரும் போனதில்லை. பட்டாணியையும் சோயாவையும் அரைத்து, அழுத்தத்தில் வேகவைத்து, நார் நாராகப் பிழிந்து, துண்டு போட்டு, பாக்கெட்டில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்புவது அவளுடைய தொழில். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு படம் இருக்கும். அடர்ந்த மீசைக்காரர் ஒருவர் ஒரு துண்டை வாயில் வைத்துக்கொண்டு கண்களை அகல விரித்திருப்பார். படத்தின் கீழே பெரிய எழுத்தில், ‘கறிக்கடைக்காரரையே ஏமாற்றிய கறி!’ என்றிருக்கும்.

அந்த மீசைக்காரர் அவளுடைய கணவர். வாழ்நாளில் பாதியைக் கறி வெட்டியே கழித்தவர். ஒரு துண்டைத் தொட்டாலே அது உடம்பின் எந்தப் பாகம், காலையில் வெட்டியதா, நேற்று வெட்டியதா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரையே ஏமாற்றிவிட்டது என்றால் அந்தக் கறிக்கு வேறு என்ன சான்று வேண்டும்? வாங்குகிறவர்கள் அந்த முகத்தை நம்பித்தான் வாங்கினார்கள்.

இது தொடங்கிய கதையை அக்கா சொல்லும்போதெல்லாம் குரல் தழுதழுத்துவிடும்.

அவருக்கு நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்த டாக்டர், இனிமேல் கறி கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு அவர் வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சாப்பிட மறுத்தார். தட்டைப் பார்த்தால் துக்கச் செய்தி கேட்டவர் மாதிரி முகம் தொங்கிப்போகும்.

“இதைத் தின்னு உயிரோட இருக்கறதுக்கு, அந்த ஆபரேஷன் டேபிள்லயே போயிருக்கலாம்.”

“வாயைக் கழுவுங்க! உங்களைக் காப்பாத்தச் சொல்லி நான் எத்தனை பேர் கால்ல விழுந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

தினமும் இதே சண்டை. அவர் இளைத்துக்கொண்டே போனார். சட்டைக் காலரில் கழுத்து தனியாக ஆடியது. அவருக்கு இல்லாதது தனக்கு எதற்கு என்று அவளும் அன்றிலிருந்து கறியைத் தொடவில்லை. தொடாமலே, அதைப் போல ஒன்றைச் செய்ய முயன்றாள். சோயாவை வேகவைத்துப் பிழிந்து பார்த்தாள். காளானைக் காயவைத்துப் பார்த்தாள். வருவதெல்லாம் ரப்பராக வந்தது.

கடையை எடுத்து நடத்திய கொழுந்தன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். “அண்ணி, என் வண்டி டயர் தேஞ்சுபோச்சு. இதுல ரெண்டு துண்டு கொடுங்களேன், ஒட்டிக்கறேன்.”

“டயர்தான்டா. உன் அண்ணன் வண்டி ஓடணுமே, அதுக்குத்தான் செய்யறேன்” என்றாள் அவள்.

ஒரு மத்தியானம் குக்கரின் ஆவி பீய்ச்சி அவளுடைய மணிக்கட்டு வெந்துபோனது. துணியைச் சுற்றிக்கொண்டு, வந்ததை வந்தபடி வறுத்து, தட்டில் வைத்து அவர் முன்னால் நீட்டினாள். அவர் தட்டைப் பார்த்தார். துணி சுற்றிய கையைப் பார்த்தார். அவளுடைய கண்களைப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

“கறியேதான்” என்றார்.

அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சத்தமாக அழுதாள். அறுவை சிகிச்சை அறையின் வாசலில்கூட அவள் அப்படி அழவில்லை. அந்த ஒரு சொல்லில்தான் அவளுடைய தொழில் பிறந்தது.

வீட்டின் பின்கட்டு வேலைக்கூடமாக மாறியது. மாவைப் பிழியும் பழைய மெஷின் ஒன்று வந்தது. பாக்கெட்டை ஒட்டும் சீலிங் மெஷின் வந்தது. தெருப் பெண்கள் சிலர் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் அவள் ‘அக்கா’, அவர் ‘அண்ணன்’.

ஒவ்வொரு முறையும் புதிதாக வெந்து வருவதில் முதல் துண்டு அண்ணனுக்குத்தான் போகும். அவர் உடனே வாயில் போட மாட்டார். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். பிய்த்து நாரைப் பார்ப்பார். முகர்ந்து பார்ப்பார். “நார் குறுக்கே ஓடுது. கறி இப்படிக் கிழியாது” என்பார். அக்கா மெஷினின் வாயை மாற்றுவாள். மறுமுறை நார் நேராக ஓடும். இந்த விஷயத்தில் அவர் ஒரு துளிகூட விட்டுக்கொடுத்ததில்லை. பிறகு வாயில் போட்டு மெல்லுவார். எல்லோரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். “கறியேதான்” என்று அவர் சொன்ன பிறகுதான் சீலிங் மெஷின் ஓடத் தொடங்கும்.

மற்றப் பெண்களும் ருசி பார்ப்பார்கள். “போன வாரத்தைவிட நல்லா இருக்கு அக்கா” என்பார்கள். அடுத்த வாரம், “இந்த வாரம் இன்னும் பரவாயில்ல” என்பார்கள். போன வாரத்தோடு இந்த வாரத்தையும், இந்த வாரத்தோடு அடுத்த வாரத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே வருடங்கள் ஓடின. உண்மையான கறியைப் பக்கத்தில் வைத்து ஒருவரும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. அவர் இருக்கும் வீட்டுக்குள் கறி வரக்கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். அவளுடைய சொந்த நாக்கோ அந்த ருசியை எப்போதோ மறந்துவிட்டது. கறியைப் போலவே ஒன்றைச் செய்யும் அந்த வீட்டில், கறியின் ருசிக்கு அவருடைய ஒரு சொல் மட்டும்தான் சாட்சி.

சந்தை மாறியது. பெரிய கம்பெனிகள் இதே சரக்கைப் பளபளக்கும் டப்பாவில் கொண்டுவந்தன. வழக்கமாக வாங்கும் கடைக்காரர்கள், “அடுத்த வாரம் பார்க்கலாம்மா” என்று இழுத்தார்கள். சீலிங் மெஷின் பாதி நாள் சும்மா நின்றது. அதை ஓட்டும் பெண் ஒருநாள் நேராகவே கேட்டாள்.

“அக்கா, நான் வேற வேலை பார்த்துக்கட்டுமா? உங்க வாயால சொல்லச் சங்கடமா இருந்தா நானே சொல்லிடறேன்.”

“அடி வாங்குவே. மெஷினைத் துடை” என்றாள் அக்கா. துடைக்கச் சொன்ன குரலில் பலமே இல்லை.

அந்தச் சமயத்தில்தான், பல ஆஸ்பத்திரிகளின் சமையலறைகளுக்குச் சேர்த்துக் கொள்முதல் செய்யும் அதிகாரி அம்மாள் ஒருவரிடமிருந்து அழைப்பு வந்தது. கறியைக் குறைக்க வேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரிகள் முடிவெடுத்திருந்தன. நோயாளிகளின் உடம்புக்கும் நல்லது. ஒரு துண்டுக் கறிக்கு ஆகும் தண்ணீரையும் தீவனத்தையும் நினைத்தால் ஊருக்கும் நல்லது.

“இன்னும் கொஞ்ச காலத்துல எல்லாரும் இந்தப் பக்கம்தான் வரப்போறாங்க. முன்னாடியே வர்றவங்களைத்தான் நான் தேடறேன்” என்றார் அதிகாரி. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “எங்க ஆளுங்க முன்னாடி உங்க வீட்டுக்காரர் கண்ணைக் கட்டிக்கிட்டு ருசி பார்க்கணும். ஒரு கிண்ணத்துல நிஜக் கறி, மத்த ரெண்டுல உங்களுது. பாக்கெட்ல போட்டிருக்கறது நிஜம்னா அவர் ஏமாறணும்.”

“டாக்டர் கறி கூடாதுன்னு...”

“ஒரு துண்டுதாம்மா. எங்க ஆஸ்பத்திரிலயேதான் சாப்பிடறார், பயப்படாதீங்க.”

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இது கிடைத்தால் யாரையும் வேலையை விட்டு அனுப்ப வேண்டாம். ஆனால் செய்தியைக் கேட்ட கணவரின் முகம் வெளுத்தது.

“என்னை விட்டுடேன். எனக்கு உடம்பு முடியலன்னு சொல்லிடு.”

“நல்லா இருக்கே! படத்துல இருக்கற வாயே வரலைன்னா வேற யார் வாயைக் கூட்டிட்டுப் போறது?”

அவர் அந்த வாரம் முழுதும் சரியாகச் சாப்பிடவில்லை. பதற்றம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கூடவே வாழ்கிறவர்களின் முகத்தை நாம் எவ்வளவு அவசரமாகப் படிக்கிறோம்!

ஆஸ்பத்திரியின் சமையலறையை ஒட்டி ஓர் அறை. நடுவில் நீளமான ஸ்டீல் மேஜை. வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரர்கள் சுவரோரமாக நின்றார்கள். மேஜைமேல் மூன்று கிண்ணங்கள், எல்லாவற்றிலும் ஒரே மசாலா. மேஜையின் ஓரத்தில் ஒப்பந்தக் காகிதம், அதன்மேல் ஒரு பேனா. அதிகாரி மடிப்புக் கலையாத துண்டு ஒன்றால் அண்ணனின் கண்களைக் கட்டினார்.

“முள்கரண்டி தரட்டுமா சார்?”

“கையால சாப்பிடறேனே.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் முதல் கிண்ணத்தில் கை வைத்தார். கட்டைவிரல் அழுத்தியது. பிய்த்தார், முகர்ந்தார், மென்றார். “ம்” என்றார்.

இரண்டாவது கிண்ணம். கட்டைவிரல் துண்டின் மேல் பட்டது. அப்படியே நின்றது.

அந்த விரலைத்தான் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடங்களில் அது அப்படி நின்று அவள் பார்த்ததில்லை. பிரிந்துபோன பிள்ளையின் தலையைத் தடவுவது போல அது அந்தத் துண்டை மெல்லத் தடவியது. அவர் பிய்த்துப் பார்க்கவில்லை. முகரவில்லை. அப்படியே வாயில் வைத்தார். தாடை இரண்டு முறை அசைந்து நின்றுவிட்டது. கண்ணைக் கட்டியிருந்த துண்டில் ஈரமாக ஒரு வட்டம் தோன்றியது. அது மெதுவாகப் பெரிதானது.

மூன்றாவதை அவசரமாக விழுங்கினார்.

“சொல்லுங்க சார், எது நிஜக் கறி?”

அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார்.

“மூணாவது” என்றார்.

கைதட்டல் எழுந்தது. “ஏமாந்துட்டீங்க சார்! நிஜம் ரெண்டாவதுதான்!” என்று அதிகாரி குழந்தை மாதிரி குதூகலித்தார். கண்கட்டை அவிழ்த்ததும் மீசைக்காரர் கண்களைத் துடைத்துக்கொண்டு, “மசாலா காரம்” என்று சிரித்தார். எல்லோரும் நம்பினார்கள். ஒருத்தியைத் தவிர.

‘கறியேதான், கறியேதான்’ என்று இத்தனை காலம் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் திரும்பி வந்து அக்காவின் கன்னத்தில் அறைந்தது. பாக்கெட்டில் இருந்த படம், அதைப் பார்த்து அவள் பட்ட பெருமை, ஊரெல்லாம் சொன்ன கதை எல்லாமே பொய்யா? இப்போதும் அவளுக்காகத்தான் பொய் சொல்லியிருக்கிறார். தொண்டைவரை வந்த உண்மையை அவளுக்காகவே விழுங்கியிருக்கிறார். பேனா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை எடுத்தால் போதும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

“மேடம்” என்றாள் அக்கா. குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “கையெழுத்து வேண்டாம். அவர் பொய் சொல்றாரு.”

“ஏய், சும்மா இரு” என்று அவர் பதறினார்.

“நீங்க இருங்க. ரெண்டாவதைத் தொட்டப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. தெரிஞ்சுதான் மூணாவதுன்னு சொன்னீங்க. எப்போலேருந்து இந்தப் பொய்? முதல் நாளே தொடங்கிட்டீங்களா?”

அவர் தலை குனிந்தது. மீசை துடித்தது.

“உன் கை வெந்திருந்துச்சு” என்றார். “துணி சுத்தின கையோட தட்டை நீட்டிக்கிட்டு நிக்கறே. நான் என்னன்னு சொல்லட்டும்?”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. சுவரோரம் நின்றவர்கள் தொப்பியைச் சரிசெய்வது போலக் கீழே பார்த்துக்கொண்டார்கள்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “நீங்க பேசாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதேம்மா.”

“உங்களுக்குத் தெரியாது. சாப்பிடறவங்களுக்குத் தெரிஞ்சிடும். கட்டில்ல படுத்திருக்கறவங்களும் இவர மாதிரிதானே மேடம்? டாக்டர் கூடாதுன்னு சொன்னதை நெனச்சு ஏங்கிக்கிட்டு இருப்பாங்க. கறின்னு சொல்லி இதை வச்சா, ஆசையா வாயில போட்டுட்டு மூஞ்சியைத் திருப்பிப்பாங்க. இருக்கற ஏக்கம் ரெண்டு மடங்காகும். பக்கத்துல யாராவது பாசமா நின்னா, அவங்களும் ‘கறியேதான்’னு பொய் சொல்லிக்கிட்டுக் காலம் தள்ளணும்.”

“சரி, அப்ப நான் எதை வாங்கறது?”

அக்கா மேஜைமேல் இருந்த மூன்று கிண்ணங்களையும் பார்த்தாள். அதிகாரி காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். கோபமில்லாத குரலில், “இன்னொண்ணைப் போல இருக்குன்னு விக்காம, தன் பேர்ல நிக்கற மாதிரி ஒண்ணு கையில வரட்டும். அப்ப கூப்பிடுங்க” என்றார்.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை. அது போய்விட்டது.

“திட்டவாவது செய்யேன்” என்றார்.

“அந்தக் கறி எப்படி இருந்துச்சு?”

அவர் யோசித்தார். “பழைய சினேகிதனைத் தெருவுல பார்த்த மாதிரி இருந்துச்சு. நின்னு ரெண்டு வார்த்தை பேசணும் போல இருந்துச்சு. அவன் வீட்டுக்கு மறுபடியும் போகணும்னு தோணலை.”

“இது நிஜமா? இல்ல, இதுவும் கறியேதானா?”

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து, இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த அழுகையும் வந்துவிட்டது. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இத்தனை வருஷத்துல ஒண்ணாவது உங்களுக்கு நிஜமா பிடிச்சுதா?” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

“மெஷின் வாய்ல ஒட்டிக்கிட்டு முறுகிப்போகுமே, அந்த ஓரம். கறி மாதிரி இல்லைன்னு நீ சுரண்டித் தம்பியோட ஆடுங்களுக்குப் போடறியே, அது. நீ அந்தப் பக்கம் போனதும் எடுத்து வாயில போட்டுக்குவேன். பட்டாணி வாசனையும், லேசாத் தீஞ்ச கடலை வாசனையுமா, மொறுமொறுன்னு இருக்கும்.”

“ஆட்டுக்குப் போடறதைத் திருடித் தின்னீங்களா!”

“ஆடு யார்கிட்டயும் சொல்லாதுல்ல.”

அடுத்த நாளே பாக்கெட்டிலிருந்து படத்தை எடுத்துவிட்டாள். முகம் போனதும், மிச்சமிருந்த கடைகளில் சில கையை விரித்தன. நார் பிழியும் வேலையில் இருந்த ஒருத்தி வருத்தத்தோடு வேறு இடம் போனாள். சீலிங் மெஷின்காரி போகவில்லை. “எங்க போனாலும் அங்கயும் ஒரு மெஷினைத் துடைக்கத்தான் சொல்லப்போறாங்க” என்று இருந்துவிட்டாள்.

அந்த ஓரத்தை வேண்டுமென்றே செய்வது, தானாக வருவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்தக் கடலை வாசனைக்காகக் கொஞ்சம் கடலையையும் வறுத்துச் சேர்த்தாள். ஒருநாள் கரிந்தது. ஒருநாள் ஆறியதும் தோல் மாதிரி ஆனது. எல்லாவற்றுக்கும் மேலாக அண்ணனின் வாய் திறந்துகொண்டது. அடைத்து வைத்திருந்த அணை உடைந்த மாதிரிதான்.

“உப்பு தூக்கல்.”

“மண்ணு மாதிரி இருக்கு.”

“இதைச் சாப்பிட்டா டாக்டர் என்ன, எமனே கிட்ட வரமாட்டான்.”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அக்கா ஒருநாள் கரண்டியைத் தூக்கி எறிந்தாள். “முன்ன மாதிரி ஒரு பொய் சொன்னாத்தான் என்ன! நாக்கு தேஞ்சா போயிடும்?” என்று கத்திவிட்டு, பிறகு அந்தக் கரண்டியைத் தானே பொறுக்கிக் கழுவி, உப்பைக் குறைத்தாள். இரவல் வாங்காத ருசி ஒன்றைத் தேடிப் பிடிப்பது லேசில்லை. எதைப் போல இருக்க வேண்டும் என்று கைகாட்ட அங்கே எதுவுமே இல்லை.

மழைக்காலம் முடிந்த சமயம், அதிகாரியை அழைத்தாள். அதே அறை, அதே ஸ்டீல் மேஜை. இந்த முறை ஒரே ஒரு கிண்ணம். யாருடைய கண்ணும் கட்டப்படவில்லை. அதிகாரி ஒரு துண்டைக் கடித்தார். மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. இன்னொன்றை எடுத்தார்.

“இதுக்கு என்னம்மா பேரு?”

“நாங்க ஓரம்னு சொல்றோம் மேடம்.”

“எதைப் போல இருக்குன்னு யோசிக்கறேன். ஒண்ணும் ஞாபகம் வரலை.” அதிகாரி சிரித்துக்கொண்டே மீசைக்காரரிடம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க சார், எப்படி இருக்கு?”

அவர் ஒன்றை எடுத்தார். கட்டைவிரலால் அழுத்தினார். பிய்த்து முகர்ந்தார். நிதானமாக மென்றார்.

“சுமார்” என்றார். “கடலை இன்னும் கொஞ்சம் வறுபடணும்.”

அதிகாரியின் சிரிப்பு நின்றது. சமையல்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவின் முகத்தில் மட்டும், திருமண நாளில்கூட யாரும் பார்த்திராத ஒரு வெளிச்சம் பரவியது.

“அவர் சொன்னா நம்பலாம் மேடம்” என்றாள்.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து காகிதத்தை எடுத்தார். “எல்லா ஆஸ்பத்திரிக்கும் இப்பவே முடியாது. இந்த ஒரு சமையலறைக்கு முதல்ல போடறேன். கடலையை வறுத்துட்டு அனுப்புங்க.”

அக்கா பேனாவை எடுத்தாள். பக்கத்தில் அவர் கிண்ணத்தில் மிச்சமிருந்த துண்டுகளை, யாரையும் கேட்காமல், ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தார்.